திருத்தூதர் வாயிலில் ஒரு வழக்கு

ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில் வியாழக்கிழமைதோறும் நண்பகல் மணி ஒலிக்கையில், பேராலயத்தின் திருத்தூதர் வாயிலுக்கு முன்னே கறுப்பு மேலாடை அணிந்த எண்மர் வந்து அமர்கின்றனர். வாயிலின் இருமருங்கும் கல்லில் வடித்த திருத்தூதர்கள் நிற்க, அவர்தம் காலடியில் இவர்கள் நீதி வழங்க வீற்றிருக்கின்றனர். இவர்கள் சட்டம் பயின்றவர் அல்லர். கலப்பையும் மண்வெட்டியும் பிடித்த கையினர். துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் உழவர்கள் தமக்குள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள். ஊழியர் ஒருவர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, வழக்குடையார் உளரோ என உரக்கக் கேட்கிறார். வழக்கு இல்லையேல் சில நிமிடங்களில் மன்றம் கலைந்துவிடும். இருந்தால் அங்கேயே விசாரணை, அங்கேயே தீர்ப்பு. வழக்குரைஞர் இல்லை, மனுத் தாள் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

முறை தவறி நீர் பாய்ச்சியவன், வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டவன், தன் நீரை அயலான் வயலில் வழியவிட்டவன், மதகைத் திருட்டுத்தனமாகத் திறந்தவன் ஆகியோரே இம்மன்றத்தின் முன் நிறுத்தப்படுவோர். இதன் வேர்கள் இஸ்லாமியர் அந்நிலத்தை ஆண்ட காலத்தில் உள்ளன. அராகோன் மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1238-ஆம் ஆண்டு வலென்சியாவைக் கைப்பற்றியபோது, ஆட்சியை மாற்றினார். ஆனால் நீர் பங்கிடும் பழைய வழக்கங்களை மாற்றாமல் உறுதிப்படுத்தினார். மசூதி இருந்த இடத்தில் பேராலயம் எழுந்தது. வழிபாடு மாறியது, வாய்க்கால் மாறவில்லை. ஆற்றின் போக்கையும் கோடையின் கொடுமையையும் நிலத்தின் சாய்வையும் கண்டு மக்கள் தாமே வகுத்துக்கொண்ட சட்டம், அரசுகளைக் கடந்து நிற்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

இம்மன்றத்திற்கு 2009-ஆம் ஆண்டு இரட்டைச் சிறப்பு வாய்த்தது. மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக யுனெஸ்கோ நிறுவனம் இதனை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில், பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணியானார் அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம். பொதுவளங்களின் ஆளுகையைப் பற்றி அவர் 1990-இல் வெளியிட்ட நூலில், வலென்சியா உழவர்களின் நீராட்சி முதன்மையான எடுத்துக்காட்டுகளுள் ஒன்று.

ஆஸ்ட்ரம் எதிர்த்து நின்றது ஓர் உவமையை எனலாம். 1968-இல் கேரட் ஹார்டின் என்னும் உயிரியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். அனைவர்க்கும் திறந்து கிடக்கும் ஒரு மேய்ச்சல் நிலம். ஆயர் ஒவ்வொருவரும் தம் நன்மை கருதி இன்னொரு மாட்டைச் சேர்த்துக்கொண்டே போகின்றனர். முடிவில் புல்லும் அழிகிறது, மந்தையும் அழிகிறது. ஆதலால் பொதுவளம் ஒன்று தனியுடைமையாக வேண்டும், அல்லது அரசின் பிடிக்குள் வரவேண்டும் என்பதே அக்கட்டுரை பலர் நெஞ்சில் பதித்த பாடம். உவமைகளோடு நாள்தோறும் பழகும் நமக்கு அதில் ஒரு குறை உடனே புலப்படுகிறது. அந்த மேய்ச்சல் நிலத்தில் எவரும் எவரோடும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. மனிதர் கூடுமிடத்தில் வாய் திறவாத மாந்தர் எங்குளர்? ஆஸ்ட்ரம் செய்த பணி, அந்த ஊமை ஆயர்களுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்ததே. மக்கள் கூடிப் பேசுவர், எல்லை வகுப்பர், காவல் வைப்பர், தவறியவனைச் சிறு தண்டத்தால் திருத்துவர், அண்மையிலேயே வழக்குத் தீர்ப்பர் என்பதை உலகின் பல மூலைகளிலிருந்தும் சான்று காட்டி அவர் நிறுவினார்.

இவையனைத்தும் போற்றத்தக்கனவே. இயற்கையோடு இயைந்த மரபுச் சட்டங்களை இன்று நம் இதழ்களும் கருத்தரங்குகளும் வாயாரப் புகழ்கின்றன. நாமும் புகழ்ந்திருக்கிறோம். எனினும் புகழ்ச்சி முற்றும் இடத்தில் திறனாய்வு தொடங்கவேண்டும். அதற்கு உதவும் நூல் ஒன்று நம் கையில் உள்ளது. அதே திருத்தூதர் வாயிலை, அதே நீர்மன்றத்தை, நூற்றாண்டுக்கு முன்னரே உற்று நோக்கிய ஒரு புதினம் அது.

விசென்டே பிளாஸ்கோ இபானியெஸ் வலென்சியாவில் 1867-இல் பிறந்தவர். முடியாட்சியையும் குருகுலத்தையும் ஒருசேரப் பகைத்தவர். திருச்சபைக்கு நண்பர் அல்லர். அதனால் அவர் சொல்வது பொய்யாகிவிடாது. நம்மை நேசியாதவர் காட்டும் கண்ணாடியில்தான் நம் முகம் சில வேளைகளில் தெளிவாகத் தெரிகிறது. 1898-இல் வெளிவந்த அவரது 'லா பராக்கா' என்னும் புதினத்தின் பெயருக்குக் 'குடிசை' என்று பொருள் கொள்ளலாம். களம், வலென்சியாவைச் சூழ்ந்த 'உவேர்த்தா' எனப்படும் வாய்க்கால் பாசனத் தோட்டவெளி.

கதை எளியது. பார்ரெத் என்னும் முதிய குத்தகை உழவன், தோன் சால்வதோர் என்னும் நிலக்கிழாரின் வட்டியிலும் குத்தகையிலும் நசுங்கி, நிலத்தையும் குடிசையையும் இழக்கிறான். வெறிகொண்டு நிலக்கிழாரைக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போய் அங்கேயே மடிகிறான். அவன் குடும்பம் சிதறுகிறது. சுற்றியுள்ள உழவர்கள் ஓர் உறுதி பூணுகின்றனர்: அந்த நிலத்தில் இனி எவனும் ஏர் பூட்டக்கூடாது. பத்தாண்டுகள் அது முள்ளும் புதருமாய்க் கிடக்கிறது. வளமான தோட்டவெளியின் நடுவே கிடக்கும் அந்தப் பாழ்நிலத்தைக் காணும் நிலக்கிழார்கள் அஞ்சுகின்றனர். குத்தகையாளரை நெருக்கத் துணிவதில்லை. எழுதாத சட்டம் ஒன்று ஏழைகளைக் காத்து நிற்கிறது.

அந்நிலத்துக்கு வருகிறான் பத்தீஸ்தே. அவனும் ஏழை, பல இடங்களில் பல தொழில் செய்து தோற்று, மனைவி மக்களோடு பிழைப்புத் தேடி வந்தவன். அவனுக்கு அவ்வூர் உறுதி தெரியாது. தெரிந்தபின்னும் போக்கிடம் இல்லை. முள்ளை வெட்டுகிறான், மண்ணைக் கிளறுகிறான், குடிசையை வெள்ளையடிக்கிறான். நிலம் சிரிக்கிறது, ஊர் முறைக்கிறது. ஊர்ச் சண்டியனான பிமெந்தோவின் வன்மத்தால், முறை தவறி நீர் பாய்ச்சியவன் என்று அவன்மீது குற்றம் சாட்டப்படுகிறது. திருத்தூதர் வாயிலின் முன் அவன் நிறுத்தப்படுகிறான்.

இப்புதினத்தின் உயிர்நாடி இந்த நீதிமன்றக் காட்சியே என்பது நம் கருத்து. ஆசிரியர் அம்மன்றத்தை இழிவுபடுத்தவில்லை. நீதிபதிகள் கையூட்டு வாங்குவோர் அல்லர். முகத்தில் வெயிலும் கையில் காப்பும் ஏறிய நேர்மையான உழவர்கள். முறைப்படியே வழக்கைக் கேட்கின்றனர். பிழை எங்கே நுழைகிறது? பத்தீஸ்தேக்காகப் பேச எவரும் இல்லை என்னும் இடத்தில் நுழைகிறது. பொய் கேட்டு மனம் பொறாதவனாய் அவன் தன் முறைக்கு முன்பே குரல் எழுப்புகிறான். மன்றத்தின் ஒழுங்கு குலைகிறது. எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டு மாண்பு முன்னே, உண்மை பேசியவன் ஒழுங்கற்றவனாகத் தெரிகிறான். பொய் பேசியவன் அடக்கமுள்ளவனாகத் தெரிகிறான். தண்டம் விழுகிறது.

பயிர் வாடுகிறது. ஒரு நாள் இரவில் பத்தீஸ்தே துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டு மதகைத் திறக்கிறான். நீர் பாய்கிறது, மனைவியும் மக்களும் மகிழ்ச்சியோடு வரப்புகளில் ஓடி நீரை மடைமாற்றுகின்றனர். சட்டத்தை மீறும் அந்த இரவுதான் அக்குடும்பம் மகிழ்ந்திருக்கும் மிகச் சில இரவுகளுள் ஒன்று. களவு செய்யாதவனை மன்றம் களவனாக்கியது என்பதை ஆசிரியர் ஒரு வார்த்தை விளக்கமும் இன்றிக் காட்டிவிடுகிறார்.

இங்கேதான் ஆஸ்ட்ரத்தின் நூலையும் இப்புதினத்தையும் அருகருகே வைத்து வாசிக்கவேண்டியவர்களாகிறோம். நிலைத்து நிற்கும் பொதுவள ஆளுகைக்கு ஆஸ்ட்ரம் எட்டு நெறிகளை எடுத்துரைக்கிறார். அவற்றுள் முதலாவது, எல்லை தெளிவாயிருத்தல். அதாவது வளம் எதுவரை, அதில் உரிமையுடையார் யார் என்பது ஐயமற விளங்குதல். நல்ல நெறியே. வேலியில்லாத் தோட்டம் விளையாது. பத்தீஸ்தே அந்த எல்லைக்கு உள்ளே இருந்தவன். அந்நிலத்தின் குத்தகையாளனாகிய அவனுக்கு வாய்க்கால் நீரில் முறை உண்டு. ஆனால் சட்டத்தின் எல்லைக்குள் இன்னோர் எல்லை இருந்தது. அதை எந்த ஏட்டிலும் எவரும் எழுதி வைக்கவில்லை. யாரோடு நின்று பேசலாம், யார் வீட்டுச் சாவுக்குப் போகலாம், யாருக்காகச் சாட்சி சொல்லலாம் என்னும் எல்லை அது. வெளிவட்டத்தை ஆராய்ச்சியாளர் அளந்தார். உள்வட்டத்தைக் கதைஞர் கண்டார்.

அம்மன்றத்தின் முன்னோர் இந்த இடரை அறியாதவர் என்றும் சொல்வதற்கில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவனின் வாய்க்காலைச் சேர்ந்த நீதிபதி அவ்வழக்கின் தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. ஆற்றின் ஒரு கரையைச் சேர்ந்தவனுக்குத் தீர்ப்பை முன்மொழிவோர் மறுகரையார். அயலானின் பகை நீதியைக் கெடுக்கும் என்பதை உணர்ந்து வகுத்த அரிய ஏற்பாடு இது. ஆனால் நீதிபதியை மறுகரையிலிருந்து அழைத்துவரலாம். சாட்சியை எங்கிருந்து அழைத்துவருவது? மதகு திறந்ததைக் கண்டவர் அடுத்த வயல்காரரே. எழுத்தின்றிச் சொல்லையே நம்பி நடக்கும் நீதிக்கு அயலாரின் வாய்மையே அடிக்கல். அயலார் அனைவரும் ஒருசேர வாய் மூடிக்கொண்டால், அடிக்கல்லே புரண்டுவிடுகிறது. மரபுச் சட்டத்தின் வலிமை எதுவோ அதுவே அதன் நலிவும் ஆகிறது.

இதனினும் ஆழமான உண்மை ஒன்றை இப்புதினம் நம்முன் வைக்கிறது. பத்தீஸ்தேயை வதைத்த அந்த ஒற்றுமை தீயவர்களின் ஒற்றுமை அன்று. கொடிய நிலக்கிழாரை எதிர்த்து எளியவர் கட்டிய அரண் அது. ஒருவன் உடைந்தால் அனைவரும் உடைவர் என்று அவர்கள் அஞ்சியது பொய்யன்று. பின்னொரு கட்டத்தில் நிலக்கிழார்கள் குத்தகைக்காக மீண்டும் நெருக்கத் தொடங்கும்போது, 'இவன் வந்ததால் அல்லவா' என்று ஊர் குமுறுவதில் ஒரு நியாயமும் இருக்கிறது. நீதியின் வேரிலிருந்தே அநீதியின் கனி பழுக்கிறது. நல்லவர்க்கும் தீயவர்க்கும் இடையே நடக்கும் போராகக் கதையை எழுதியிருந்தால் நாம் எளிதாய்த் தீர்ப்புச் சொல்லிவிட்டு நூலை மூடியிருப்போம். ஏழை ஏழையை நெரிக்கும் கதையாகையால், நூலை மூடியபின்னும் அது நம்மை விடுவதில்லை.

பத்தீஸ்தேயின் கடைக்குட்டி பஸ்குவாலெத். கொழுகொழுவென்றிருந்த அவனைக் குடும்பத்தார் செல்லமாக 'ஆயர்' என்று அழைப்பர். பெரியோரின் பகை பள்ளிப் பிள்ளைகளிடமும் பரவி, அவர்கள் அவனைச் சேற்றுநீர் வாய்க்காலில் தள்ளிவிட, அவன் நோயுற்று இறக்கிறான். அன்று ஊர் தலைகுனிகிறது. பிமெந்தோவின் மனைவி பெப்பேத்தாவே வந்து, அந்தச் சிற்றுடலுக்குப் பூ முடித்து அலங்கரிக்கிறாள். ஊரார் பாடையின் பின் நடக்கின்றனர். மனந்திரும்புதல் நிகழ்ந்துவிட்டது என்று நாம் நம்பத் தொடங்குகிறோம். ஆனால் அது இரக்கமாகவே நின்றுவிடுகிறது; முறையாக மாறவில்லை. 'இனி இவனும் நம்மவன்' என்று எவரும் கூட்டத்தில் எழுந்து சொல்லவில்லை. கோடை முடிவதற்குள் பகை திரும்புகிறது. மோதலில் பிமெந்தோ மடிகிறான். ஓர் இரவில் குடிசை தீப்பற்றி எரிகிறது. குடும்பம் கூக்குரலிடுகிறது; ஒரு கதவும் திறக்கவில்லை.

புதினத்தின் குறைகளையும் சொல்வது கடமை. அக்காலத்து இயற்கைவாத எழுத்தாளரைப் பின்பற்றிய இபானியெஸ், மனிதரை மண்ணும் பசியும் இழுத்துச் செல்லும் மந்தையாகவே பெரிதும் காண்கிறார். தோம்பா என்னும் முதிய ஆயன் ஒருவன் வருகிறான். பார்வை மங்கிய அவன், இந்நிலம் சாபம் பெற்றது, போய்விடு என்று பத்தீஸ்தேயை எச்சரிக்கிறான். எச்சரிப்பவனைப் படைத்த ஆசிரியர், உடன்நிற்பவன் ஒருவனைப் படைக்கவில்லை. இத்தனை பேருள் ஒருவனுடைய மனசாட்சியாவது தீர்ப்பு நாளன்று இரவு உறங்காமல் புரண்டிருக்கும் என்பதை அவர் ஏற்க மறுக்கிறார். மனித உள்ளத்தைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் இப்புறமிருந்து பல்லாண்டு கேட்டுவரும் நமக்கு, அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. ஊரோடு சேர்ந்து மௌனமாயிருந்தவர் பின்னாளில் தனியாய் வந்து அழுவதை நாம் அறிவோம். அந்த அழுகை காலம் கடந்து வருகிறது என்பதே துயரம்.

இவ்வளவு தொலைவிலுள்ள ஊரின் கதையை நம் இதழில் விரிப்பானேன் என வாசகர் கேட்கலாம். நம் கண்மாய்க்கரைகளிலும் இதே சட்டம் வாழ்ந்தது. ஏரியையும் கால்வாயையும் ஊரார் கூடிச் செப்பனிடும் குடிமராமத்து, முறை வைத்து நீர் பாய்ச்சும் ஒழுங்கு, மடை திறந்து மூட ஊரே அமர்த்திய நீர்பாய்ச்சி அல்லது நீர்க்கட்டி ஆகியன நம் முன்னோரின் அறிவுக்குச் சான்றுகள். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது நாமும் மகிழ்ந்தோம். ஆயினும், பல ஊர்களில் அந்த நீர்பாய்ச்சி தலித் குலத்தவர் என்பதையும், ஊர் வயல்கள் அனைத்திற்கும் நீர் பங்கிட்ட அவருக்குச் சொந்த வயலோ ஊர்க்கூட்டத்தில் சம இருக்கையோ பெரும்பாலும் இருந்ததில்லை என்பதையும் மறந்துவிட்டு மரபைப் பாடுவது முறையாகுமா?

நம் நெஞ்சை அறுக்கும் ஒன்றையும் இங்கே சொல்லியாகவேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், திருவிழாவின் தலைக்கட்டு வரி பற்றிய பூசலால் ஒரு குடும்பத்தை ஊர் ஒதுக்கி வைத்தது. அவர்களோடு பேசுவோருக்குத் தண்டம். கண்மாய் நீரில் அவர்களின் முறை அடுத்தவருக்குப் போனது. கூட்டம் நடந்தது ஆலய முற்றத்தில்; நாமும் ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தோம். அக்குடும்பத் தலைவர் பேச எழுந்தபோது, முறையில்லாமல் பேசுகிறார் என்று அமர்த்தினர். அவர் நம் முகத்தைப் பார்த்தார். கொடியேற்றத்துக்கு ஒன்பது நாட்களே இருந்தன. ஊர் இரண்டாகிவிடக் கூடாதென்று நாம் மௌனம் காத்தோம். அதனை விவேகம் என்று அன்று எண்ணினோம். அவர்தம் நெல் அந்த ஆண்டு கதிர் பிடிக்காமலே கருகியது. 'லா பராக்கா'வின் நீதிமன்றக் காட்சியை முதன்முறை வாசித்தபோது நாம் தேடியது பத்தீஸ்தேயை அன்று. அவனைச் சுற்றி நின்ற கூட்டத்துள் நம்மையே தேடினோம்.

திருநூல் இவ்விரண்டு உண்மைகளையும் அறியும். ஏழாம் ஆண்டில் நிலத்துக்கும் ஓய்வு வேண்டும் என்று லேவியர் நூல் கட்டளையிடுகிறது. மண்ணின் உரிமையை மதிக்கும் சட்டம் அது. அறுவடையில் வயலோரக் கதிர்களை அந்நியனுக்கும் எளியவனுக்கும் விட்டுவிடவேண்டும் என்பதும் அதே நூலில் உள்ள கட்டளை. நிலத்துக்கான சட்டமும் அந்நியனுக்கான சட்டமும் ஒரே நூலில் அருகருகே வைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. நாபோத்தின் திராட்சைத் தோட்டம் பறிபோன கதையிலும், ஊர்ப் பெரியோர் முறைப்படியே கூடினர், முறைப்படியே சாட்சி கேட்டனர், முறைப்படியே கல்லெறிந்தனர். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் பூமியின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் பிரிக்காமல் கேட்கச் சொன்னதும் இந்த வழியில் வந்ததே.

மரபுச் சட்டங்களைக் கைவிடவேண்டும் என்பது நம் முடிவன்று. ஹார்டினின் ஊமை மேய்ச்சல் நிலத்துக்குத் திரும்ப நாம் விரும்பவில்லை. தொலைவிலிருந்து வரும் அரசாணையைவிட, கரையில் நின்று மதகைக் காணும் உழவனின் தீர்ப்பே நீரை நன்கு காக்கும். ஆனால் நீரைக் காத்த சட்டம் மனிதனையும் காத்ததா என்று அதனிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நீர்ப்பங்கீட்டை முறைப்படுத்தியதைப் போலவே, நண்பரில்லாதவனுக்காகப் பேசுவதையும் ஊர் ஒரு முறையாக்கவேண்டும். அதை ஒருவருடைய கடமையாகவே வைக்கவேண்டும். இரக்கத்தை மட்டும் நம்பினால் அது பாடைக்குப் பூ முடிப்பதோடு நின்றுவிடும்.

நம் ஊர்களில் பாசனக் கூட்டங்கள் இன்றும் பெரும்பாலும் ஆலய முற்றத்திலோ கோயில் திடலிலோதான் கூடுகின்றன. அங்கே நாற்காலி பெறும் பங்குத்தந்தையரும் உபதேசியாரும் பங்குப்பேரவையினரும் அடுத்த கூட்டத்தில் தொடக்கச் செபம் முடிந்ததும் ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: இந்த வாய்க்காலில் முறையுடையவர்களுள் இன்று இங்கே வராதவர் யார்? ஏன் வரவில்லை? விடை கிடைக்கும்வரை மடையைப் பற்றிய பேச்சு காத்திருக்கட்டும். இக்கேள்வியை நாம் கேட்கத் தவறிய அந்த முற்றத்திற்குச் சென்ற ஆண்டு மீண்டும் சென்றிருந்தோம். கண்மாய் நிறைந்திருந்தது. அக்குடும்பத்தின் வீடு இருந்த இடத்தில் கருவேலம் மண்டிக் கிடந்தது.